கிரகோரியார் ஏன் ஓடிக்கொண்டே இருந்தார்?

கேள்வி (திங்கள்நகர் வாசகன்)

அனைவருக்கும் வணக்கம். சனவரி 2 அன்று புனிதர்கள் பெரிய பசிலியார், நாசியான்சு கிரகோரியார் ஆகியோரின் நினைவுநாள் வருகிறது. அதையொட்டி எங்கள் அன்பியக் கூட்டத்தில் (பங்கின் அண்டை வீட்டார் கூடும் சிறு குழு அது) பத்து நிமிடம் பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. பசிலியாரைப் பற்றிப் பேசுவது கடினமில்லை. செசரியா நகருக்கு வெளியே ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் அவர் எழுப்பிய இல்லங்களைச் சொன்னாலே நேரம் போய்விடும். கிரகோரியாரிடம்தான் தடுமாறுகிறேன்.

நான் படித்தறிந்த வரையில் அவருடைய வாழ்க்கை முழுவதும் ஓட்டமாகவே தெரிகிறது. இன்றைய துருக்கியில் இருக்கும் கப்பதோக்கியாவில், 329ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தார். தந்தையும் கிரகோரி என்ற பெயருடைய ஆயர் (பிஷப்) தாம். அக்காலத்தில் ஆயர்கள் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். 361ஆம் ஆண்டின் முடிவில் தந்தை அவரைக் கட்டாயப்படுத்திக் குருவாகத் திருநிலைப்படுத்தினார். மகனோ நண்பர் பசிலியாரிடம் ஓடிப்போய், மறு ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டித்தான் திரும்பினார். 372இல் பசிலியார் அவரைச் சசிமா என்ற ஊருக்கு ஆயராக்கினார். அங்கே அவர் பொறுப்பேற்றுப் பணி செய்யவே இல்லை. தந்தை இறந்தபின் நாசியான்சு சபையைச் சிறிது காலம் கவனித்துவிட்டுச் செலூக்கியாவுக்குப் போய்விட்டார். கடைசியாக 381இல், கான்ஸ்டாண்டினோபிளில் ஆயர்கள் கூடிய பொதுச்சங்கத்துக்கே தலைமை வகித்துக்கொண்டிருந்தவர், நடுவழியில் அதையும் துறந்து வீடு திரும்பினார்.

இப்படி ஒருவரை எளிய மக்கள் முன் எப்படி எடுத்துச்சொல்வது? கிழக்கத்தியத் திருச்சபை யோவான் நற்செய்தியாளருக்கு அடுத்தபடியாக "இறையியலாளர்" என்ற அடைமொழியை இவருக்குத்தான் கொடுத்திருக்கிறது என்பது தெரியும். ஆனால் கூட்டத்தில் யாராவது எழுந்து, "பொறுப்பைத் தட்டிக்கழித்தவரை எதற்காகக் கொண்டாட வேண்டும்?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதோடு, பதவியை விட்டபின் இருந்த எட்டு ஒன்பது ஆண்டுகளில் மறையுரைகளை விட்டுச் செய்யுள் எழுதுவதில் ஏன் இறங்கினார் என்பதும் விளங்கவில்லை. விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டும்.

பதில் 1 (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாகர்கோவில்)

தம்பி, நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருப்பதாக நினைக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன. நான் இறையியல் கற்றவன் அல்லன். செய்யுளைப் பற்றி எனக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

"ஏன் செய்யுள்?" என்ற கேள்விக்கு அவரே ஒரு செய்யுளில் விடை சொல்லியிருக்கிறார். நான்கு காரணங்கள் தருகிறார். அவற்றுள் முதலாவதைக் கண்டபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தாம் அளவில்லாமல் எழுதிக்குவிக்கிறவர் என்றும், அந்த அளவின்மைக்கு விலங்கு பூட்டுவதற்காகவே அளவுக்குட்பட்ட செய்யுளை மேற்கொண்டதாகவும் கூறுகிறார். கிரேக்கத்தில் யாப்பின் அளவுக்கும், அளவின்மைக்கும் ஒரே வேர்ச்சொல் என்பதால், அங்கே அது சொல்விளையாட்டாகவும் அமைகிறது. ஆனால் அந்த வரியைத் தமிழன் படிக்கும்போது கிடைக்கும் சுவை வேறு. நமக்கு "யாப்பு" என்றாலே கட்டுதல். சீரும் சீரும் சேரும் இடத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயரே "தளை". அவர் உவமையாகச் சொன்னதை நம் இலக்கணம் கலைச்சொல்லாகவே வைத்திருக்கிறது.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். இளைஞர்களுக்குக் கசப்பான அறிவுரையை இனிப்பில் குழைத்துக் கொடுப்பது ஒன்று. கிறிஸ்தவரல்லாத புலவர்கள் மட்டுமே சொல்வன்மைக்கு உரியவர்கள் என்ற நிலையை ஏற்காதது இன்னொன்று. நோயில் கிடக்கும் தமக்கு, முதிய அன்னம் தனக்குள் பேசிக்கொள்வதுபோல் ஓர் ஆறுதல் வேண்டும் என்பது கடைசி.

இவற்றுள் மூன்றாவதற்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது. 362இல் பேரரசர் யூலியான், பள்ளிகளில் பண்டைய இலக்கியங்களைக் கிறிஸ்தவ ஆசிரியர்கள் கற்பிப்பதைத் தடுக்கும் ஆணை பிறப்பித்தார். தெய்வங்களை நம்பாதவன் கிரேக்கக் காப்பியப் புலவர் ஓமரைக் கற்பிக்கக் கூடாது என்பது அவர் வாதம். இந்த யூலியானும் கிரகோரியாரும் ஏதென்சில் ஒரே காலத்தில் பயின்றவர்கள். கிரகோரியார் செல்வத்தையும் உயர்குடிப் பெருமையையும் விட்டுக்கொடுக்க ஆயத்தமாக இருந்தவர். சொல்லை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். மொழி அதைப் பேசுகிற எல்லோருக்கும் உரியது, எந்த மதமும் அதற்குப் பட்டா வாங்கிக்கொள்ள முடியாது என்ற பொருளில் அவர் யூலியானுக்கு எதிராக எழுதிய உரைகளில் இன்றும் சூடு ஆறவில்லை. (வகுப்பறையில் நாற்பது ஆண்டுகள் நின்றவன் என்பதால் இந்த இடத்தில் எனக்குச் சற்றுச் சார்பு உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஏறத்தாழ 17,000 அடிகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. இறைக்கொள்கையைச் சொல்லும் பாடல்களை ஓமரின் காப்பிய யாப்பிலேயே, ஓமரின் பழஞ்சொற்களை எடுத்தாண்டு இயற்றினார். தம் வாழ்க்கையைச் சொல்லும் 1,949 அடிகள் கொண்ட நெடும்பாட்டுக்கோ, நாடகங்களில் பாத்திரங்கள் உரையாடும் யாப்பைத் தேர்ந்தார். நம் அகவல் பேச்சுக்கு எவ்வளவு நெருங்கி வருமோ அவ்வளவு நெருங்கி வருவது அது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிரேக்க யாப்பு குறில் நெடில் வேறுபாட்டின்மேல் நிற்பது. அவர் காலத்து மக்கள் பேச்சிலோ அந்த வேறுபாடு கரைந்துபோயிருந்தது. ஆகவே அவர் காதால் மட்டும் எழுதியிருக்க முடியாது. கற்ற கல்வியால் எழுதினார். இன்று ஒருவர் பழந்தமிழில் ஆசிரியப்பா இயற்றுவதைப் போன்ற உழைப்பு அது.

அவருடைய இரங்கற் கவிதைகளையும் பாருங்கள். கிரேக்கத் தனிப்பாடல் திரட்டின் எட்டாம் பகுதி முழுவதும் இவர் ஒருவருடையது. ஆலயத்தில் செபித்துக்கொண்டிருக்கையிலேயே உயிர்நீத்த தாய் நொன்னாவை மட்டும் திரும்பத் திரும்பப் பாடுகிறார். அதே இறப்பு, அதே பீடம், அதே கை. ஒவ்வொரு முறையும் நான்கைந்து அடிகள். கையறுநிலைப் பாடலை அறிந்த நமக்கு இது அந்நியமாகப் படாது. அன்பியக் கூட்டத்தில் தாய்மார்கள் மிகுதியாக இருப்பார்கள் என்றால் இதைச் சொல்லுங்கள்: பிறக்கும் முன்பே ஆண்டவருக்கு நேர்ந்துவிட்ட பிள்ளை அவர். நம் ஊரில் நேர்ச்சை என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஓடிப்போனதற்கு வருகிறேன். 362இல் திரும்பி வந்ததும் அவர் "நான் ஏன் ஓடினேன்" என்று ஒரு நீண்ட விளக்கம் தருகிறார். மனிதரை வழிநடத்துவது கலைகளுக்கெல்லாம் கலை, உடலுக்கு மருத்துவம் செய்வதைவிட அது கடினம், அதற்குத் தகுதி பெறாமல் பீடம் ஏறுகிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்பது அதன் சாரம். பிற்காலத்தில் குருத்துவத்தைப் பற்றி எழுதிய கிறிசோஸ்தோம் அருளப்பரும், திருத்தந்தை பெரிய கிரகோரியும் இந்த உரைக்குக் கடன்பட்டவர்கள். ஆயர்களையும் குருக்களையும் உருவாக்கும் நூல்களுக்கு ஊற்றாக இருப்பது ஓடிப்போன ஒருவருடைய விளக்கம் என்பதை உங்கள் கூட்டத்தில் சொல்லலாம்.

பதில் 2 (நெய்யூர் சபையான்)

ஐயா எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். கிரகோரியாரின் வாழ்க்கை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அவரே எழுதியது. அந்த 1,949 அடிகளும் பதவி இழந்த ஒருவர், தம்மைப் பற்றித் தலைநகரில் என்ன பேசப்படும் என்பதை நன்கு அறிந்து, தம் தரப்பை முன்வைத்து எழுதிய வாக்குமூலம். எதிர்த்தரப்பு தன் வாக்குமூலத்தைச் செய்யுளில் தரவில்லை என்பதால் அவர்கள் தரப்பு பொய்யாகிவிடாது.

சசிமாவை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பாதைகள் பிரியும் இடத்தில் இருந்த வழிநிலையம் அது. தண்ணீர் இல்லை, பச்சை இல்லை, எங்கும் புழுதி, வண்டிகளின் இரைச்சல், வரி தண்டுவோர், விலங்குகள், வந்துபோகும் அந்நியர் கூட்டம், இதுதான் என் சபை என்று கசந்து எழுதுகிறார். லாரிகள் வரிசைகட்டி நிற்கும் களியக்காவிளைச் சோதனைச் சாவடியை நினைத்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாக இருக்கும். ஆனால் பசிலியார் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. பேரரசர் வாலென்ஸ் கப்பதோக்கியாவை இரண்டாகப் பிரித்துவிட்டார். தியானா நகரின் ஆயர் அந்திமு புதிய மாகாணத்துக்குத் தாமே தலைமை என்று உரிமை கொண்டாடினார். எல்லைப்புறத்தில் நம்பத்தக்க ஆட்கள் பசிலியாருக்குத் தேவைப்பட்டார்கள். அதற்கு நண்பனைக் காவல் வைக்கலாமா என்பது வேறு கேள்வி. பல ஆண்டுகள் கழித்துப் பசிலியாருக்கு ஆற்றிய அஞ்சலி உரையில்கூட, வானளாவப் புகழ்ந்துகொண்டே வந்தவர், அந்த ஒரு மனக்குறையை மட்டும் சொல்லாமல் விடவில்லை.

தலைநகரான கான்ஸ்டாண்டினோபிளில் நடந்த வரலாற்றுக்கு வருவோம். 379இல் அவர் போனபோது அங்குள்ள ஆலயங்களெல்லாம் ஆரியக் கொள்கையினர், அதாவது குமாரன் பிதாவுக்கு நிகரான தேவன் அல்ல என்ற ஆரியுவின் வழிவந்தவர்கள், கையில் இருந்தன. உறவினர் வீடொன்றில் ஒரு சிற்றாலயம் வைத்து அதற்கு அனஸ்தாசியா, அதாவது உயிர்த்தெழுதல், என்று பெயரிட்டார். அந்த ஆண்டு உயிர்த்தெழுந்த பண்டிகையின்போது ஒரு கும்பல் புகுந்து கல்லெறிந்தது. திரித்துவத்தைப் பற்றிய புகழ்பெற்ற ஐந்து இறையியல் உரைகளையும் இந்த நகரத்தில்தான் ஆற்றினார். பரிசுத்த ஆவியானவர் தேவனா என்ற கேள்விக்கு அவர் காலத்தில் பலரும், பசிலியார் உட்பட, சொல்லை அளந்தே பேசினார்கள். இவர் மட்டும் ஆம், தேவன்தான். தேவன் என்றால் பிதாவோடு ஒரே தன்மையுடையவர்தான் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

ஏமாளியாகவும் இருந்தார். மாக்சிமு என்ற எகிப்தியத் தத்துவவாதியை நம்பி, அவனைப் புகழ்ந்து ஒரு முழு உரையே ஆற்றினார். அதே ஆள், கிரகோரியார் நோயாகப் படுத்திருந்த ஓர் இரவில், எகிப்திலிருந்து வந்த ஆயர்களைக் கொண்டு அதே ஆலயத்தில் தன்னை ஆயராக்கிக்கொள்ள முயன்றான். விடிந்து கூட்டம் திரண்டதும் மீதிச் சடங்கை ஒரு குழலூதுகிறவன் வீட்டில் போய் முடித்தார்களாம். தம் அறியாமையைக் கிரகோரியார் ஒளிக்காமல் எழுதியிருப்பதால்தான் இந்தக் கதை நமக்குத் தெரிகிறது. மேலே நான் சொன்ன எச்சரிக்கைக்கு எதிர்ச்சான்றாகவும் இதை வைத்துக்கொள்ளலாம்.

380 நவம்பரில் தெயொதோசியு பேரரசர் நகருக்குள் நுழைந்து, படைவீரர் சூழ அவரை அப்போஸ்தலர் ஆலயத்துக்கு அழைத்துச் சென்றார். நகரம் எதிரியிடம் பிடிபட்ட ஊரைப்போல் இருந்தது என்று வெற்றிபெற்றவரே எழுதுகிறார். அக்காலத்தில் அவர் நோயுற்றுப் படுத்திருக்கையில் பார்க்க வந்த கூட்டத்தில் ஓர் இளைஞன் மட்டும் வெளியேறாமல் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவரைக் கொல்ல வந்தவன் அவன் என்று உடனிருந்தவர் சொன்னார். கிரகோரியார் அவனை மன்னித்து அனுப்பிவிட்டார்.

இப்போது உங்கள் கேள்வியின் மையமான 381. பொதுச்சங்கத்தின் தலைவராக இருந்த அந்தியோக்கியா ஆயர் மெலேத்தியு இடையில் இறந்தார். அந்தியோக்கியாவில் ஏற்கெனவே போட்டி ஆயராக இருந்த பவுலினுவையே ஏற்றுக்கொண்டால் பிளவு தீரும் என்று கிரகோரியார் சொன்னார், கேட்பார் இல்லை. இளைய ஆயர்கள் காக்கைக் கூட்டம்போல் கத்தினார்கள், குளவிகள்போல் முகத்துக்கு நேரே பாய்ந்தார்கள் என்கிறார். பிந்தி வந்த எகிப்திய, மாசிதோனிய ஆயர்கள், ஆயர்கள் ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்கு மாறுவதைத் தடுக்கும் 325 நிசேயாச் சட்டத்தைக் காட்டி, சசிமாவின் ஆயர் தலைநகருக்கு ஆயராக முடியாது என்று கிளப்பினார்கள். எப்போதோ செத்துப்போன சட்டம் என்று அவர் அதைத் தள்ளினாலும், யோனாவைப்போல் என்னைக் கடலில் போடுங்கள், புயல் அடங்கட்டும் என்று சொல்லி விலகினார்.

இந்தக் காரணங்கள் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். பலர் தாண்டிப் போகிற காரணம் ஒன்று உண்டு. நிசேயா விசுவாசப் பிரமாணத்தில் ஆவியானவரைப் பிதாவோடும் குமாரனோடும் சேர்த்து ஆராதிக்கப்படுகிறவர் என்று இன்றும் நாம் அறிக்கையிடுகிறோம். அந்தச் சங்கத்தோடு இணைத்துச் சொல்லப்படுவதே அந்தப் பகுதி. அதில் "ஒரே தன்மையுடையவர்" என்ற சொல் ஆவியானவருக்குப் போடப்படவில்லை. கிரகோரியாருக்கு அது பொறுக்கவில்லை. பழைய விசுவாசத்தின் இனிய ஊற்றில் உப்புநீரைக் கலந்துவிட்டார்கள் என்று எழுதினார். ஆகவே அவர் போனது வெறும் மனத்தாங்கலால் மட்டும் அல்ல. தாம் சரியென்று கண்டதைச் சமரசமாக்கிய சபையில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. அவருக்குப் பதிலாக வந்த நெக்தாரியு ஞானஸ்நானம்கூடப் பெற்றிராத ஓர் அரசு அதிகாரி என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவர் கோபம் நமக்கும் கொஞ்சம் புரியும்.

பதில் 3 (முட்டம் கடற்கரையான்)

இரண்டு ஐயாக்களும் ஆழமாக எழுதியிருக்கிறீர்கள். கேட்டவர் கூட்டத்தில் பேசுவதற்கு எளிதாக ஒன்று வேண்டும் என்பதால் கடல் கதையைச் சொல்கிறேன்.

படிப்பதற்காக அலெக்சாந்திரியாவிலிருந்து ஏதென்சுக்குக் கப்பல் ஏறியபோது அவருக்கு வயது இருபதையொட்டி இருக்கும். காலம் நவம்பர், அந்தக் கடலில் யாரும் பயணம் போகாத காலம். கிரேக்க நாட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில் ஏறிவிட்டார். சைப்பிரசு பக்கமாகப் போகையில் புயல் பிடித்துக்கொண்டது. பல நாள் அலைக்கழிந்தார்கள். அவருடைய பாட்டில் எல்லாப் புயல் பாட்டிலும் வருகிற அலையும் இருட்டும் இருக்கின்றன. எனக்கு நெஞ்சில் நின்றது வேறு: முதல் ஆட்டத்திலேயே குடிதண்ணீர்ச் சாடி கடலில் போய்விட்டது. பிறகு பெனிக்கிய வணிகர்களின் கப்பல் ஒன்று நெருங்கி வந்து, தாங்களும் ஆபத்தில் இருக்கும்போதே இவர்களைக் காப்பாற்றியது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை நான் பார்த்தவன். திரும்பி வந்தவர்கள் முதலில் சொன்னது காற்றைப் பற்றி அல்ல. தண்ணீர் கேன் உருண்டு போனதைத்தான் சொன்னார்கள். 1,600 ஆண்டுகளுக்கு முந்திய ஓர் ஆயர் அதைச் சரியாகக் குறித்து வைத்திருக்கிறார் என்பதால், அந்தப் புயல் பகுதியை மட்டுமாவது நான் முழுதாக நம்புகிறேன்.

இன்னொரு செய்தி. அப்போது அவர் திருமுழுக்குப் பெற்றிருக்கவில்லை. மற்றவர்கள் சாவுக்கு அஞ்சினார்கள். நானோ அந்தத் தண்ணீர் கிடைக்காமல் இந்தத் தண்ணீரில் சாவதற்கு அஞ்சினேன் என்ற கருத்தில் பாடுகிறார். தப்பினால் என் வாழ்க்கை உமக்கு என்று அங்கேதான் கடவுளுக்கு வாக்குக் கொடுத்தார். அந்த வாக்குக்கும், தந்தை கட்டாயப்படுத்திக் கொடுத்த பதவிக்கும் இடையில்தான் பிறகு அவர் அலைந்ததாக எனக்குப் படுகிறது.

பதில் 4 (குலசேகரத்திலிருந்து)

சிரியாக் மரபுள்ள மலங்கரை சபையைச் சேர்ந்தவன் என்பதால் ஒரு சிறு குறிப்பு மட்டும். செய்யுளில் இறையியல் சொல்வது எங்களுக்குப் புதிதன்று. எங்கள் செபங்களில் சிரியாக் புலவர்களான மார் அப்ரேம், மார் யாக்கோபு ஆகியோர் பெயரால் வழங்கும் வேண்டுதற் பாடல்களை இன்றும் பாடுகிறோம். சிரியாக் யாப்பு அசைகளை எண்ணிக்கையால் மட்டும் அளப்பது. மார் அப்ரேம் பெயரால் வழங்கும் அளவு ஏழசை, செருகு ஆயர் யாக்கோபின் அளவு பன்னிரண்டு. அவை பாடக்குழுவுக்காகவும் மக்களுக்காகவும் எழுதப்பட்டவை. கிரகோரியாரின் செய்யுள்களோ பெரும்பாலும் தனியாக அமர்ந்து படிப்பதற்குரியவை. வழிபாட்டில் அவை அப்படி இடம்பெறவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவருடைய உரைநடைதான் பாட்டாகிவிட்டது. "கிறிஸ்து பிறக்கிறார், மகிமைப்படுத்துங்கள்" என்று தொடங்கும் அவருடைய மறையுரையின் சொற்களை எடுத்துத்தான் பிற்காலப் பாடலாசிரியர் கொஸ்மா கிறிஸ்து பிறப்புப் பாடலைக் கிரேக்கத்தில் அமைத்தார். பைசாந்திய வழிபாட்டில் அதை இன்றும் பாடுகிறார்கள்.

மீண்டும் கேட்டவர் (திங்கள்நகர் வாசகன்)

நான்கு பேருக்கும் நன்றி. நெய்யூர் ஐயாவின் பதிலைப் படித்தபின் "ஓடியவர்" என்ற சொல்லை 381க்குப் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். 372க்குப் பயன்படுத்தலாமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை; சசிமா மக்களுக்கும் ஓர் ஆயர் தேவைப்பட்டிருப்பார் அல்லவா?

பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்ல இயலாது. ஆகவே தண்ணீர்ச் சாடியில் தொடங்கி, நொன்னாவின் நேர்ச்சையைச் சொல்லி, கொல்ல வந்த இளைஞனோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பொதுச்சங்கத்தை இரண்டு வாக்கியங்களில் கடந்துவிடுவேன். தமிழாசிரியர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: அந்த நான்கு காரணங்களைச் சொல்லும் பகுதியிலிருந்து முதல் காரணத்தை மட்டும் நீங்கள் நான்கடி அகவலாக ஆக்கித் தந்தால், கூட்டத்தின் தொடக்கத்தில் எங்கள் பாடகர் குழுப் பிள்ளை ஒருத்தியை வாசிக்கச் சொல்லலாம். டிசம்பர் இறுதிக்குள் கிடைத்தால் போதும்.

பதில் 5 (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாகர்கோவில்)

முயன்று பார்க்கிறேன் தம்பி. முதல் அடி வந்துவிட்டது. இரண்டாம் அடியில் மூன்றாம் சீர் இன்னும் உட்காரவில்லை.